வெட்டுக்காட்டுப் பிள்ளைகள்

நுழையும்முன்

இளமைப்பருவ நினைவு என்றதும் பள்ளிக்கூடம், விளையாட்டுத் திடல், ஊர்த் திருவிழா ஆகியன பலர் மனத்தில் எழும். இடம்விட்டு இடம் பெயர்ந்து மரம் வெட்டும் குடும்பங்களில் வளர்ந்தோரின் நினைவு வேறுவகையானது. கடன் கவர்ந்துகொண்ட அவ்விளமையையும் அதனை மீட்கும் வழிகளையும் இப்பாடம் எடுத்துரைக்கிறது.

விழுப்புரத்திற்கும் திண்டிவனத்திற்கும் இடையே நெடுஞ்சாலையில் அமைந்துள்ள ஊர் விக்கிரவாண்டி. இவ்வட்டாரத்துச் சிற்றூர்களின் புறத்தே, ஏரிக்கரை ஓரங்களில் இருளர் குடியிருப்புகளைக் காணலாம். இருளர், பாம்பும் எலியும் பிடிப்பதிலும் மூலிகை அறிவிலும் தேர்ந்த தொல்குடியினர். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தையடுத்துப் பாம்புத்தோல் வணிகம் தடைப்பட்டது. சொந்த நிலம் இல்லாத பலர் செங்கல் சூளைக்கும் அரிசி ஆலைக்கும் மரம் வெட்டும் வேலைக்கும் சென்றனர்.

முன்பணம் என்னும் முள்வேலி

மருத்துவம், திருமணம், இறப்பு எனக் குடும்பத்தில் ஏதேனும் ஒரு செலவு நேரும். மரம் வெட்டக் குத்தகை எடுத்தவர் முன்பணம் தருவார். அதை அடைக்கும்வரை குடும்பம் முழுவதும் அவரிடமே உழைக்க வேண்டும். சவுக்குத் தோப்பிலோ சீமைக்கருவேலங் காட்டிலோ தார்ப்பாய்க் கூடாரம் எழும். கணக்கு நோட்டு கொடுத்தவரிடமே இருக்கும். வாரச் செலவுக்குப் பெறும் சிறுதொகையும் கடனோடு சேரும். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு அந்தக் கணக்கு சரியா தவறா எனக் கேட்கவும் வழியில்லை. ஓரிடத்து மரம் தீர்ந்ததும் கூடாரம் அடுத்த இடத்திற்குப் பெயரும். கடனும் உடன் பெயரும்.

புகையைப் படித்தவர்கள்

இவ்விடங்களில் வளரும் பிள்ளைகள் அறிவற்றவர்கள் அல்லர். கரிமூட்டத்தை எடுத்துக்கொள்வோம். அடுக்கிய விறகை வைக்கோலாலும் மண்ணாலும் மூடித் தீயிடுவர். முதலில் அடர்ந்த வெண்புகை எழும். அது விறகின் ஈரம் வெளியேறுவதன் அடையாளம். புகை மெலிந்து நீலம் பாய்ந்தால் கரி விளைந்துவிட்டது எனப் பொருள். இடையில் மண்போர்வை பிளந்து காற்றுப் புகுந்தால் விறகெல்லாம் சாம்பலாகும். ஆகவே இரவும் கண்விழித்துக் காக்க வேண்டும். பெற்றோருடன் அமர்ந்து அப்புகையின் நிறமாற்றத்தைக் கற்றுக்கொண்ட பிள்ளைக்கு, எழுத்தைக் கற்கும் வாய்ப்புத்தான் இல்லை. சுள்ளி பொறுக்குதல், தண்ணீர் சுமத்தல், தம்பி தங்கையரைப் பார்த்துக்கொள்ளுதல் என அதன் பகற்பொழுது கழியும். அவ்வுழைப்பு எந்தக் கணக்கு நோட்டிலும் ஏறுவதில்லை.

சட்டமும் சான்றிதழும்

1976ஆம் ஆண்டின் கொத்தடிமைத் தொழிலாளர் முறை ஒழிப்புச் சட்டம், இத்தகைய கடன்கள் அனைத்தையும் செல்லாதவையாக்கியது. கொத்தடிமையாக வைத்திருப்போர்க்கு 3 ஆண்டு வரை சிறைத்தண்டனை உண்டு. எனினும் கொடுமை உடனே மறையவில்லை. 2019 ஜூலையில் காஞ்சிபுரம், வேலூர் மாவட்டங்களின் மரம் வெட்டும் இடங்களிலிருந்து, குழந்தைகள் உட்பட 42 பேர் மீட்கப்பட்டனர். மீட்க வந்த அதிகாரியின் காலில் முதியவர் ஒருவர் விழுந்த நிழற்படம் நாட்டையே கலங்கவைத்தது. தனக்குரிய உரிமையைப் பெறுகையிலும் காலில் விழ வேண்டும் என்று அவரை எண்ணவைத்தது அவர் வாழ்ந்த அடிமை வாழ்வே.

மீட்கப்பட்டோர்க்கு விடுதலைச் சான்றிதழ் வழங்கப்படும். கடன் அழிந்ததற்கும் மறுவாழ்வு உதவி பெறுவதற்கும் அதுவே சான்று. பிள்ளைகளுக்கோ மற்றொரு சான்றிதழும் தேவை. பழங்குடியினர்க்கான சாதிச்சான்றிதழை வருவாய்க் கோட்டாட்சியர் வழங்குகிறார். நிலையான முகவரியோ பெற்றோரின் பள்ளிச் சான்றோ இல்லாத குடும்பங்கள் அதனைப் பெறப் பலமுறை அலைய நேர்கிறது. அது கிட்டாவிடில் கல்வி உதவித்தொகையும் உயர்கல்வி இடஒதுக்கீடும் எட்டாமற் போகும்.

திண்டிவனத்தைச் சேர்ந்த பேராசிரியர் பிரபா கல்விமணி, பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கத்தின் வாயிலாக இம்மக்களின் உரிமைகளுக்காக நெடுங்காலம் உழைத்து வருபவர். திண்டிவனத்தில் தாய்த்தமிழ்ப் பள்ளி உருவாகவும் அவர் காரணமானார். உரிமைப் போராட்டமும் பள்ளிக்கூடமும் ஒன்றையொன்று தாங்கும் இரு தூண்கள் என்பதை அவர்தம் பணி உணர்த்துகிறது. கடனை ஒரே நாளில் சட்டத்தால் அழிக்க முடியும். பள்ளியில் கழிந்திருக்க வேண்டிய ஆண்டுகளை அவ்வாறு திருப்பித் தர இயலாது. ஆதலால் மீட்கப்பட்ட நாளிலேயே பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பதும், அது இடைநிற்காமல் காப்பதும் விடுதலையின் பகுதியே ஆகும்.

தெரிந்து தெளிவோம்

2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டப்படி, 6 முதல் 14 வயது வரையுள்ள, பள்ளி செல்லாத குழந்தையை அதன் வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்க வேண்டும். பிற மாணவருக்கு இணையாகக் கற்கச் சிறப்புப் பயிற்சியும் அளிக்க வேண்டும்.

கற்பவை கற்றபின்

1. ‘புகையைப் படித்த பிள்ளைக்கு எழுத்தைப் படிக்க வாய்ப்பில்லை’ – இக்கருத்து குறித்து வகுப்பில் கலந்துரையாடுக.
2. உங்கள் பகுதியில் இடம்பெயர்ந்து வாழும் தொழிலாளர்களின் பிள்ளைகள் பள்ளியில் தொடர்ந்து பயில வேண்டி, மாவட்ட ஆட்சியருக்கு விண்ணப்பம் ஒன்று எழுதுக.