ஆண் மகவுகளின் பிறவிச் சிறுநீர்த் தடை

கந்தளாய்க் குளத்து வான்கதவு திறவாதாயின் மாரி வெள்ளம் அணையை நெருக்குமென்பதை நாம் அறிவோம். சில ஆண் மகவுகளுக்குச் சிறுநீர் வெளியேறும் வழியிற் கருவிலேயே மெல்லிய சவ்வு மடிப்பு அமைந்து இவ்வாறே தடுக்கின்றது; சலப்பை தடித்து, சிறுநீரகங்கள் வீங்கிப் பழுதுறுகின்றன. 1919இல் அமெரிக்க வைத்தியர் ஹியூ யங் இம்மடிப்புகளை வகைப்படுத்தினார்.

கருவுற்ற தாய்க்குச் செய்யும் ஸ்கான் பரிசோதனை இதனை முன்னரே காட்டுதலும் உண்டு; காட்டாது விடுதலும் உண்டு. ஆதலின், சிறுநீர் தாரையாகப் பாயாது சொட்டுச் சொட்டாக விழுமாயின், காரணந் தெரியாக் காய்ச்சல் காணுமாயின், “வளரச் சரியாகும்” என்றிருத்தல் ஆகாது. (பாட்டிமார் நம்மை மன்னிப்பாராக!) மென்குழாய் செலுத்திச் சிறுநீரை வடித்தலே முதற் பணி, அதன்பொருட்டுக் கொழும்புப் பயணம்வரை காத்திருத்தல் தவறென்போம். மடிப்பை அறுத்தற்கே சீமாட்டி றிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலை போன்ற இடம் வேண்டும். அறுத்தபின்னும் சிலருக்குச் சிறுநீரகம் வாலிபத்திற் தளர்வதால், பரிசோதனை ஆண்டுதோறுந் தொடரும்.