படுவான்கரையில் வேலை பார்க்கும் டொக்டர் மகளுக்கு

அன்பு மகள்,

வைத்தியர் சங்க மலரில் வந்த உங்கள் கட்டுரையை ஒரே இருப்பில் வாசித்து முடித்தேன். குடும்ப வைத்தியர் என்றால் யார், ஆரம்ப வைத்தியப் பராமரிப்புப் பிரிவுகளைப் பெரிய வைத்தியசாலைகளோடு கொத்தணியாகச் சேர்க்கும் திட்டம் எதற்கு, உலக வங்கியின் 20 கோடி டொலர் கடன் 2018இல் எதற்காக வந்தது என்பதெல்லாம் நம்மிருவருக்கும் தெரிந்த கதை. எனக்குக் கோபம் வந்த இடத்துக்கே வருகிறேன்.

‘மக்கள் அறியாமையால் ஊர் நிலையத்தைத் தாண்டிப் போதனா வைத்தியசாலைக்குப் போகிறார்கள்’ என்று எழுதியிருக்கிறீர்கள். அறியாமையா? வயல் கூலிக்குப் போகிற ஒருவர் விடிய எழும்பி பஸ் ஏறி, மண்முனைப் பாலம் கடந்து, மட்டக்களப்பில் ஓ.பி.டி. வரிசையில் நின்று, பின்னேரம் வீடு திரும்பினால் அன்றைய கூலி போய்விடும். அது அவருக்குத் தெரியாதா? ஊர் நிலையத்தில் இரத்தம் சோதிக்க வழியுண்டா, பிரஷர் குளிசை முடிந்துவிட்டதா, போன மாதம் பார்த்த டொக்டர் இந்த மாதமும் இருக்கிறாரா என்று ஒன்றுக்கும் உறுதியில்லை. அவர் கணக்குப் பார்த்துத்தான் பஸ் ஏறுகிறார். நாம் செய்யாததற்கு அவர்மேல் பழி போடாதீர்கள்.

இரண்டாவது குறை இதைவிடப் பெரியது. கணினி, நோயாளர் அட்டை, இலக்கம் கூப்பிடும் பலகை, நாளொன்றுக்குப் பார்த்தவர் தொகை எல்லாம் எழுதியிருக்கிறீர்கள். ஆனால் டொக்டரின் கதிரையில் யார் இருப்பார், எத்தனை வருடம் இருப்பார் என்று ஒரு வரிகூட இல்லை. எந்தக் கூட்டத்துக்குப் போனாலும் நான் எழும்பிக் கேட்பது இந்த ஒன்றைத்தான். நோர்வேயில் 2001இலிருந்து ஆளுக்கொரு குடும்ப வைத்தியர் பெயர் குறித்து உண்டு. அந்த நாட்டுப் பதிவுகளை ஆராய்ந்தபோது, ஒரே வைத்தியரிடம் 15 வருடத்துக்கு மேல் காட்டி வந்தவர்களின் மரண வாய்ப்பு, புதிதாக வந்து சேர்ந்தவர்களைவிடக் கால்வாசி குறைவாக இருந்தது. ஒரு குளிசை இந்தப் பலனைத் தந்தால் அதை வாங்க எத்தனை கோடியும் கொடுப்போம்.

நோர்வே வரைக்கும் போகவும் தேவையில்லை. 1926இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கியதிலிருந்து, ஒரு பகுதிக்கு அதற்கென்றே ஆட்கள் என்ற ஒழுங்கு நம் நாட்டில் இருக்கிறது. எந்த வீட்டில் கர்ப்பிணி, எந்தப் பிள்ளைக்குத் தடுப்பூசி தவறியது என்று மிட்வைஃபின் பதிவேட்டில் இன்றைக்கும் இருக்கும். தாய்மார் சாவு குறைந்ததில் அந்தப் பதிவேட்டுக்குப் பெரிய பங்குண்டு. ஆனால் அதே வீட்டுத் திண்ணையில் சீனி வியாதியோடு இருக்கும் தகப்பனை யாருடைய பதிவேட்டில் தேடுவது? 35 வயது தாண்டியவர்களைச் சோதிக்கும் சுகவாழ்வு நிலையத்துக்கு அவராக வந்தால்தான் உண்டு.

ஆளைத் தெரிந்திருப்பது என்றால் என்ன என்பதற்கு ஒரு பழைய கதை சொல்கிறேன். மண்முனைப் பாலம் திறந்தது 2014இல்தானே. அதற்கு முன் மண்முனைத்துறையில் ‘பாதை’ என்ற மிதவையில் ஏறித்தான் வாவிக்கு அப்பாலுள்ள படுவான்கரைக்குப் போவோம். சண்டைக் காலத்தில் பாதை ஓடாத நாட்களும் உண்டு. அந்தப் பக்கம் ஒரு அப்போதிக்கரி ஐயா இருந்தார். எம்.பி.பி.எஸ். படித்தவரல்ல. இழுப்போடு வந்த ஒரு பொடியனின் நெஞ்சில் குழாயை வைக்கும் முன்னமே, “களவெட்டிக்குப் போன நீயா மகன்?” என்று கேட்டார். தாய் தலையாட்டினாள். சூடடிக்கும் தூசு அந்தப் பிள்ளையின் தகப்பனுக்கும் ஆகாது என்பது ஐயாவுக்குத் தெரியும். தகப்பனுக்கும் அவர்தான் மருந்து கொடுத்தவர். அங்கேயே தங்கி, அங்கேயே வயதுபோனவர் அவர். எந்தக் கணினியும் தராத அறிவு அது.

ஆனால் மகள், அந்த ஆச்சியின் சொப்பிங் பையை மேசையில் கொட்டிப் பார்த்ததாக எழுதியிருக்கிறீர்களே, அந்தப் பந்திக்காக உங்களை எழும்பி நின்று கும்பிட வேண்டும்! இரண்டு கிளினிக்குகள் கொடுத்த இரண்டு உறைகளிலும் ஒரே மெற்ஃபோமின். இரண்டையும் ஆச்சி ஒழுங்காகக் குடித்து வந்திருக்கிறா. பேத்தி உறைகளை ஒவ்வொன்றாக வாசிக்க, நீங்கள் ஒரு உறையை மடித்து அப்பால் வைக்கிறீர்கள். குடும்ப மருத்துவம் பற்றி நம் பக்கத்தில் இதைவிட நன்றாக ஒருவரும் எழுதியதில்லை. ‘அறியாமை’ என்ற உங்கள் வரி பிழை என்பதற்கும் அதுதான் சாட்சி. ஆச்சி அறியாமையில் அலையவில்லை. இரண்டு இடத்திலும் மருந்து வாங்கியும் அவவுக்கென்று ஒரு டொக்டர் இல்லை.

கட்டுரையைத் திரும்ப எழுதுங்கள். ஆச்சியில் தொடங்குங்கள். மிட்வைஃபோடு இருந்து, அவரது பகுதி வீடுகளின் பட்டியலில் 35 வயது தாண்டிய எல்லாரையும் சேருங்கள். மாறிப் போகும் டொக்டர் புதியவரோடு சில நாளாவது சேர்ந்திருந்து, கடும் நோயாளிகளை ஆளாக அறிமுகப்படுத்திவிட்டே போக வேண்டும் என்று கேளுங்கள். ஐந்து வருடம் ஊரில் நிற்பவருக்குக் குவாட்டர்ஸும் குடும்ப மருத்துவ மேற்படிப்பில் முன்னுரிமையும் கொடுக்கச் சொல்லி அமைச்சுக்கு எழுதுங்கள். நானும் கையெழுத்து வைக்கிறேன்.

வருடாந்த இடமாற்றப் படிவம் உங்களுக்கும் வரும். டவுனுக்கு வந்துவிடு என்று வீட்டில் சொல்வார்கள். அதில் குற்றமில்லை. ஆனால் குடும்ப வைத்தியர் வேண்டும் என்று எழுதிய கை, அந்தப் படிவத்தை ஒரு தரமாவது நிரப்பாமல் விட வேண்டும். அதை உங்களிடம் கேட்க எனக்கு உரிமை உண்டென்று நம்புகிறேன்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற வைத்தியர் ஒருவர்
களுவாஞ்சிக்குடி