உடையுற பொம்மைக் காரும் உடைய வேண்டிய காரும்

சுவத்துல மோதினா கதவு ஒரு பக்கம், பானெட் ஒரு பக்கம், டயர் கட்டிலுக்கு அடியிலன்னு சிதறுமே, அந்த பிளாஸ்டிக் கார் ஞாபகம் இருக்கா? எல்லாத்தையும் பொறுக்கி, டக் டக்குனு மாட்டி, அடுத்த ஆக்சிடென்ட்டுக்கு ரெடி பண்ணுவோம். 1970-களிலேயே அமெரிக்காவின் கென்னர் கம்பெனி, ‘ஸ்மாஷ் அப் டெர்பி’ என்ற பெயரில் இப்படி மோதிச் சிதறும் கார்களை ஜோடியாக விற்றது.

இப்போ ஒரு கேள்வி. மோதினால் நசுங்குற நிஜக் கார் மோசமான காரா? “அந்தக் காலத்து வண்டி எல்லாம் சும்மா இரும்பு மாதிரி இருக்கும்” என்று வீட்டுல சொல்லுவாங்க. கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஒரு சின்ன கணக்கு

கார் 54 கி.மீ. வேகத்தில் வந்து சுவரில் மோதுகிறது. அதாவது நொடிக்கு 15 மீட்டர். வேகத்தின் வர்க்கத்தை, நிற்க எடுக்கும் தூரத்தின் இரு மடங்கால் வகுத்தால் டிசெலரேஷன் கிடைக்கும்.

- முன்பக்கம் 10 செ.மீ. மட்டும் நசுங்கினால்: சுமார் 115 ஜி
- 60 செ.மீ. நசுங்கினால்: சுமார் 19 ஜி

வேகம் அதேதான். நிற்கக் கிடைத்த தூரம் மட்டும்தான் வேற. இதைப் பிடித்தவர் மெர்சிடிஸ் பென்ஸ் இன்ஜினியர் பேலா பாரெனி. முன்னும் பின்னும் நசுங்கணும், நடுவில் ஆள் உட்காரும் கூடு நசுங்கக் கூடாது என்பது அவர் ஐடியா. 1951-ல் பேட்டன்ட்டுக்கு விண்ணப்பித்தார். 1959-ல் அது ரோட்டுக்கு வந்த காரிலேயே இடம்பிடித்தது. இன்று அதற்குப் பெயர் கிரம்பிள் ஸோன்.

பொம்மை எங்கே வேறுபடுது?

பொம்மையின் கிளிப் எலாஸ்டிக். வளைந்து கழன்று, பழைய வடிவத்துக்கே திரும்பும். அதனால்தான் நூறு தடவை மாட்டினோம். காரின் தகடு யீல்டு பாயின்ட்டைத் தாண்டி மடங்குகிறது. அந்த மடிப்புதான் மோதலின் எனர்ஜியை விழுங்குகிறது. திரும்ப நிமிராது. ஒரே ஒரு தடவைதான் அது உங்களைக் காப்பாற்றும்.

செங்கல்பட்டிலிருந்து சிங்கப்பெருமாள் கோவில் வழியா போனா ஒரகடம். அங்கே குளோபல் ஆட்டோமோட்டிவ் ரிசர்ச் சென்டரில் நிஜக் காரையே மோத விட்டுப் பார்க்கிறார்கள். 2023 அக்டோபர் 1 முதல் நடைமுறையில் உள்ள பாரத் என்கேப் திட்டத்தில், முன்பக்க மோதல் சோதனை 64 கி.மீ. வேகத்தில் நடக்கும். அந்த வேகத்துக்கு மேலே உள்ள கணக்கை நீங்களே போட்டுப் பாருங்க.

ஒரு விஷயம்: அந்த 60 செ.மீ. தானாக உங்களுக்குக் கிடைக்காது. சீட் பெல்ட் உங்களைக் காரோடு கட்டினால்தான் காரோட சேர்ந்து மெதுவா நிற்பீங்க. இல்லைன்னா கார் நின்ற பிறகும் நீங்க 15 மீட்டர் வேகத்திலேயே போய் டேஷ்போர்டில் நிற்பீங்க.

சரி, பைக்கில்?

ஞாயிற்றுக்கிழமை ஈ.சி.ஆர். பிடிச்சு மாமல்லபுரம் போறோமே, அந்த பைக்கில் நம்மைச் சுற்றிக் கூடு கிடையாது. தலைக்குக் கிடைக்கிற நிற்கும் தூரம், ஹெல்மெட்டுக்குள் இருக்கும் சில சென்டிமீட்டர் தெர்மாகோல் மட்டும்தான். அதுவும் தகடு மாதிரியே, ஒரு தடவை அமுங்கினா அவ்வளவுதான். வெளியே கீறல் மட்டும் தெரிந்தாலும், பலமா அடி வாங்கிய ஹெல்மெட்டை மாத்திடுங்க. ஸ்ட்ராப்பை மாட்டாம போட்டா, மோதும்போது அது தலையில் இருக்காது. பின்னாடி உட்காரும் நண்பனுக்கும் இதே கணக்குதான்.

பொம்மைக் காரைத் திரும்ப மாட்டலாம். நம்மை மாட்ட முடியாது, மக்களே. கிளம்பும் முன் ஸ்ட்ராப் ‘கிளிக்’னு சத்தம் கேட்கட்டும்.