ஐந்து குண்டும் ஒரு சைக்கிள் கம்பியும்

திருப்பதி கங்கம்மா ஜாத்திரைக்கு இரண்டு நாள் இருக்கும்போது அந்தத் துப்பாக்கி என் பட்டறைக்கு வந்தது. கொண்டுவந்தவர் பலூன் சுடுகிற கடைக்காரர். வருஷா வருஷம் மே மாதம் தாத்தய்யகுண்டா கோயில் பக்கம் பலகை நிறுத்துகிறவர். ஈரச் சாக்கில் சுற்றி, எக்ஸெல் வண்டியின் முன்னால் சாய்த்துக் கட்டி, சித்தூர் வரை எழுபது கிலோமீட்டர் ஓட்டி வந்திருக்கிறார். இறக்கி வைத்ததும், "அய்போயிந்தி அண்ணா" என்றார். தெலுங்கில் சொன்னால் முடிந்துபோனது இன்னும் கொஞ்சம் கூடுதலாகவே முடிந்த மாதிரி இருக்கும்.

நான் லேத் வேலைக்காரன். ஏர்கன் என் தொழில் இல்லை. ஆனாலும் ஜாத்திரை நாளில் நாலைந்தாவது வந்துவிடும். ஸ்பிரிங் வைத்த, நடுவில் மடக்கிக் குண்டு போடுகிற, 4.5 மில்லிமீட்டர் துப்பாக்கிகள். இது அவருடைய அப்பா காலத்தது. கட்டை தேய்ந்து சந்தனக் கட்டை மாதிரி வழவழப்பாக இருந்தது.

நடந்தது இதுதான். யாரோ ஒரு பையன் சுட்ட குண்டு பேரலின் பாதியிலேயே நின்றுவிட்டது. பலூன் உடையவில்லை, குறி தப்பியது என்று நினைத்து அடுத்தது போட்டிருக்கிறார்கள். அதுவும் முதல் குண்டின் முதுகில் போய் உட்கார்ந்தது. இப்படி ஐந்து. பிறகு கடைக்காரரின் மகன் சைக்கிள் போக்ஸ் கம்பி ஒன்றை வாய்ப்பக்கமாக விட்டுச் சுத்தியலால் அடித்தான். கம்பி ஈயத்துக்குள் இறங்கி, வளைந்து, உள்ளேயே முறிந்தது. கம்பி உள்ளே போனதற்கும் அது முறிந்ததற்கும் நடுவில் அவனுக்கு நிறுத்தச் சந்தர்ப்பம் இருந்தது. அதை நான் அவனிடம் சொல்லவில்லை. ஏனென்றால் அவன் செய்ததைவிட மோசமானதை நான் செய்திருக்கிறேன்.

முதன்முதலாக இப்படி ஒரு பேரல் என்னிடம் வந்தபோது, லேத் இருக்கிறதே என்ற திமிரில் நாலு மில்லி டிரில் பிட்டுக்கு நீளமான தண்டு பற்றவைத்துத் துளை போடப் போனேன். ஈயம் மெத்து. பிட் அதற்குள் நேராகப் போகாது. எந்தப் பக்கம் இளக்கமோ அந்தப் பக்கம் சாயும். சாய்ந்து, பேரல் சுவரைக் கடித்து, படாரென்று உடைந்தது. ஈயத்தையாவது துளைக்கலாம், உடைந்த டிரில் பிட்டை எதைக் கொண்டு துளைப்பது? அந்தப் பேரலுக்குப் பதில் வேறு வாங்கிக் கொடுத்தேன். அன்றைக்கு விட்டதுதான், அதன்பிறகு அடைத்த குழாய்க்குள் டிரில் விட்டதே இல்லை. காஸ் வைத்துச் சூடேற்றினால் 327 டிகிரியில் ஈயம் உருகி ஓடிவிடுமே என்று கேட்பவர்கள் உண்டு. ஓடும், ஓடி ரைஃப்ளிங் வரிகளில் போய் அப்பிக்கொள்ளும். ஈயப் புகை வேறு நெஞ்சுக்குள் போகும்.

முதல் வேலை அளப்பது. ஸ்பிரிங் ஏற்றாமல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு பேரலைத் தனியாகக் கழற்றினேன். ஸ்பிரிங் ஏறியிருக்கும்போது கழற்றினால் விரல் மிஞ்சாது. வாய்ப்பக்கம் ஒரு கம்பி விட்டு, முட்டும் இடத்தில் கட்டைவிரலால் பிடித்து எடுத்தால் 19 சென்டிமீட்டர். குண்டு போடுகிற பக்கம் 20. பேரல் மொத்தம் 45. ஆக, அடைப்பு 6 சென்டிமீட்டர். எங்கே இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் சுத்தியலைத் தொடுவேன்.

அடுத்தது எந்தப் பக்கமிருந்து தள்ளுவது. எல்லாரும் வாய்ப்பக்கம்தான் குத்துவார்கள், கம்பி விடச் சுலபம் என்பதால். இங்கே யோசித்துப் பாருங்கள். குண்டுகள் பின்னாலிருந்து வந்தவை. அவை போகவேண்டிய வழி வாய்ப்பக்கம். கம்பி வாய் வழியாக வந்தது. அது திரும்ப வேண்டிய வழியும் வாய்ப்பக்கமே. வாயிலிருந்து தள்ளினால் கம்பி இன்னும் ஆழமாக ஈயத்துக்குள் ஆப்பு மாதிரி இறங்கி, ஈயத்தைச் சுவரோடு நெருக்கும். பின்னாலிருந்து தள்ளினால் இரண்டும் சேர்ந்தே கிளம்பும்.

தள்ளுவதற்குப் பிரேசிங் செய்யும் பித்தளைக் கம்பியை எடுத்தேன். இரும்பு போட்டால் உள்ளே கீறும். மரக்குச்சி போட்டால் பிளந்து, அடைப்போடு அதுவும் ஒரு அடைப்பாகும். கம்பி மூன்று மில்லி சொச்சம், துளை நாலரை. அப்படியே அடித்தால் உள்ளே நெளியும். அதனால் இரண்டு விரல்கடைக்கு ஒருதரம் இன்சுலேஷன் டேப் சுற்றிப் பருமனாக்கினேன். முனையைத் தட்டையாகச் சீவினேன். கூர்முனை ஈயத்தைப் பிளந்து அகலப்படுத்தும். தட்டை முனை தள்ளும்.

பிறகு எண்ணெய். டீசலும் பிரேக் ஆயிலும் கலந்து, பேரலை நிமிர்த்தி ஒரு பக்கம் ஊற்றி, ராத்திரி தலைகீழாகத் திருப்பி மறுபக்கம் ஊற்றி வைத்தேன். கடைக்காரருக்கு இருப்புக்கொள்ளவில்லை. "ஒரு தட்டு தட்டிப் பாரண்ணா" என்று பத்துத் தடவையாவது சொல்லியிருப்பார். டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டேன்.

காலையில் நூறு கிராம் சுத்தியல். கம்பியில், பேரல் விளிம்பை ஒட்டி, மார்க்கரால் ஒரு கோடு. ஓங்கி அடிக்கக் கூடாது. ஓங்கினால் ஈயம் நகராமல் பருக்கும். தட்டல்தான், ஆனால் விடாமல். முதல் நாற்பது ஐம்பது தட்டலுக்கு ஒன்றுமில்லை, கல்லில் தட்டுகிற சத்தம். அப்புறம் சத்தம் மாறியது. 'டக் டக்' என்றிருந்தது 'டொக்' என்று அமுங்கியது. கோட்டைப் பார்த்தேன், நூல் பருமன் உள்ளே போயிருந்தது. அந்த இடத்தில்தான் கை பரபரக்கும். நிறுத்தி, மறுபடி எண்ணெய் விட்டு, அரை மணி உட்கார்ந்தேன். பதினொரு மணிக்கு வாய் வழியாக முதலில் துருப்பிடித்த கம்பி நுனி எட்டிப் பார்த்தது. பின்னாலேயே ஐந்து குண்டும், ஒன்றுக்குள் ஒன்று சொருகிய டம்ளர் மாதிரி.

வெளியே வந்ததோடு வேலை முடியவில்லை. டியூப்லைட்டுக்கு நேரே பிடித்து உள்ளே பார்க்க வேண்டும். நடுவில் மோதிரம் போல ஒரு நிழல் வளையம் தெரிந்தால் பேரல் உப்பியிருக்கிறது என்று அர்த்தம். இதில் இல்லை, ஒரு கீறல் மட்டும். ஏர்கன் என்பதால் தப்பியது. காலேஜில் என்.சி.சி.யில் .22 ரைஃபிளைத் துடைக்கும்போது உஸ்தாத் திரும்பத் திரும்பச் சொல்வார்: வெடிச் சத்தம் குறைந்து கேட்டால் அடுத்த ரவுண்டு போடாதே, பேரலுக்குள் பார். உள்ளே குண்டு நிற்கும்போது மருந்து வைத்த இன்னொரு குண்டு போனால் பேரல் உப்பும், சில சமயம் முகத்தோரம் கிழியும்.

அதனாலேயே, பலமனேர்ப் பக்கமிருந்து ஒருவர் பன்றி விரட்டுகிற நாட்டுத் துப்பாக்கியை, லைசென்ஸ் பேப்பரோடுதான், அடைத்துக்கொண்டது என்று கொண்டுவந்தபோது தொடாமல் திருப்பி அனுப்பினேன். அடைப்புக்குப் பின்னால் மருந்து இருக்கிறதா இல்லையா என்று வெளியிலிருந்து யாருக்கும் தெரியாது. தவிர, 1959 ஆயுதச் சட்டப்படி ரிப்பேர் செய்யவும் தனி லைசென்ஸ் வேண்டும். லேத் இருந்தால் போதாது. அவருக்குக் கோபம்தான்.

சரி, இந்த ஏர்கன்னில் குண்டு ஏன் நின்றது? பிஸ்டனைக் கழற்றினால் தோல் வாஷர் காய்ந்து அப்பளமாகியிருந்தது. காற்று பக்கவாட்டில் கசிந்தால் குண்டைத் தள்ள வலு ஏது? சைக்கிள் பம்ப் வாஷர் ஒன்றை எண்ணெயில் ஊறவைத்து, ஓரம் சீவிப் போட்டேன். நனைத்த பேப்பர் கட்டில் ஒரு குண்டு சுட்டுப் பார்த்தோம். "டப்" என்றது. கடைக்காரரிடம் ஒன்றே ஒன்று சொன்னேன்: 'டப்'புக்குப் பதில் 'புஸ்' என்று கேட்டால், பலகையில் குண்டு பட்ட சத்தம் வராவிட்டால், அங்கேயே நிறுத்து.

ஜாத்திரை மூன்றாம் நாள் ராத்திரி போன் வந்தது. பின்னால் பம்பை, உடுக்கை, கூட்டம். பாதி காதில் விழவில்லை.

"அண்ணா, கடையில இருக்கிற இன்னொரு துப்பாக்கி புஸ்ஸுனுது."

"எத்தனை குண்டு?"

"ஒண்ணுதாண்ணா. கம்பி விடல."

"காலையில எடுத்துட்டு வா."