எட்டுப் பேறுகளும் நம் பிள்ளைகளும்

(வீட்டிலும் ஞாயிறு வகுப்பிலும் நடத்துவதற்கான பாடம்)



இயேசு மலைமேல் அமர்ந்து சொன்ன எட்டுப் பேறுகள் மத்தேயு நற்செய்தி 5ஆம் அதிகாரத்தின் தொடக்கத்தில் இருக்கின்றன. கத்தோலிக்கர் ‘பேறுபெற்றோர்’ என்பதை மற்றச் சபையார் ‘பாக்கியவான்கள்’ என்கிறார்கள். சொல் வேறானாலும் பொருள் ஒன்றுதான். நம் பிள்ளைகளில் பலர் இவற்றை மனப்பாடமாக ஒப்புவிப்பார்கள். போட்டியில் ஒரு எழுத்துப் பிசகாமல் சொல்லிப் பரிசு வாங்கிய பிள்ளை, வீட்டுக்கு வந்ததும் தம்பியின் ரொட்டியைப் பறித்துத் தின்றால் என்ன சொல்வோம்? “பாடம் வாயில இருக்கு, மனசுல இறங்கல” என்போம். மனசில் இறங்க வைப்பது எப்படி என்று இந்த இதழில் பார்ப்போம்.

பெரியவர்கள் முதலில் அறிய வேண்டியது

இந்தப் பாடத்தைத் தவறாகச் சொல்லிக் கொடுத்தால் பிள்ளைக்குக் கெடுதல்தான் மிஞ்சும். “ஏழைகள் பேறுபெற்றவங்க, அதனால லயத்துலயே கெட.” “சாந்தமா இருக்கணும், அதனால யார் ஏசினாலும் வாயைத் தொறக்காத.” இப்படிச் சொல்லி வளர்த்த பிள்ளைகள் உண்டு. கங்காணிக்கு முன் தலைப்பாகையை அவிழ்த்து, துரை வரும் வழியில் ஒதுங்கி நின்ற பாட்டன் பூட்டன்களின் வழி வந்தவர்கள் நாம். அடங்கிப் போவதற்கு நமக்குத் தனியாக ஒரு பாடம் வேண்டியதில்லை.

அன்று மலையில் கேட்டுக்கொண்டிருந்தவர்கள் யார்? கலிலேயாவின் மீனவர்கள், நிலம் உழுதவர்கள், நோயாளிகள். உரோமர்கள் ஆண்ட காலம். வரி கொடுத்தே ஓய்ந்த சனம். கடவுள் தங்களைக் கைவிட்டார் என்று எண்ணியிருந்தவர்களிடம், கடவுள் உங்கள் பக்கம் நிற்கிறார் என்று இயேசு சொன்னார். லூக்கா நற்செய்தி 6ஆம் அதிகாரத்தையும் வாசித்துப் பாருங்கள். அங்கே ஏழைகளுக்குப் பேறு சொன்ன அதே வாயால் செல்வர்களுக்கு எச்சரிக்கையும் சொல்கிறார். ஆகவே இது வறுமையைப் புகழ்கிற பேச்சல்ல. கடவுளின் பார்வையில் நீ தாழ்ந்தவனில்லை என்று பிள்ளைக்குச் சொல்கிற பேச்சு.

பாடத்துக்கு ஓர் ஊர்

பிள்ளைகளுக்கு எதையும் ஓர் ஊரையும் மனிதரையும் காட்டிச் சொன்னால் பதியும். இந்தப் பாடத்துக்குச் செட்டிகுளத்தை எடுத்துக்கொள்வோம். வவுனியா மாவட்டத்தில் உள்ள இந்த ஊரும் சுற்றுவட்டமும் நமக்கு அந்நியமல்ல.

நம் முன்னோர் மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழியே மாத்தளை வரை நடந்து வந்தார்கள். காய்ச்சலிலும் வாந்திபேதியிலும் வழியிலேயே மாண்டவர் அநேகர். 1914இல் தலைமன்னார் ரயில்பாதை வந்தபின் கோச்சியில் வந்தார்கள். செட்டிகுளம் அந்தப் பாதையில் ஒரு ஸ்டேஷன். 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி இந்தியாவுக்கு அனுப்பப்பட்டவர்கள் அழுதுகொண்டு போனதும் இதே பாதையில்தான். 1977 கலவரத்தில் தோட்டங்களை விட்டு ஓடிய பல குடும்பங்கள் வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் காடு வெட்டிக் குடியேறின. 2009இல் போரின் முடிவில் ஏறத்தாழ 3 லட்சம் மக்கள் வன்னியிலிருந்து இடம்பெயர்ந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் செட்டிகுளம் பகுதியில் மெனிக் பாம் முகாமில், முள்ளுக்கம்பிக்குள் வைக்கப்பட்டார்கள். 1977இல் மலைநாட்டை விட்டுப் போனவர்களும் அவர்களின் பிள்ளைகளும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். முகாம் 2012 செப்டெம்பரில் மூடப்பட்டது.

மடு ஆவணித் திருவிழாவுக்குக் கோச்சியில் போகும்போது செட்டிகுளம் ஸ்டேஷனைத் தாண்டித்தான் மடு ரோட்டுக்குப் போவீர்கள். அப்போது பிள்ளைக்கு ஜன்னல் வழியே காட்டி இந்தக் கதையைச் சொல்லுங்கள். இனி எட்டுப் பேறுகளையும் ஒவ்வொன்றாக எடுப்போம்.

1. எளிய உள்ளம்

எளிய உள்ளம் என்றால் கடவுளை நம்பி, மற்றவரையும் தேடி நிற்கிற மனம். “எல்லாம் எனக்குத் தெரியும், யாரும் எனக்குத் தேவையில்ல” என்கிற மனத்துக்கு இது நேர் எதிர். காட்டை வெட்டிக் குடியேறியவர்கள் தனித்தனியாக நின்றிருந்தால் ஒரு கொட்டில்கூட எழும்பியிருக்காது. பிள்ளையிடம் சொல்லுங்கள்: “தெரியாததக் கேக்குறதுல வெக்கம் இல்ல. தெரிஞ்சதச் சொல்லிக் குடுக்குறதுல பெரும வேணாம்.” புதுச் சட்டை போட்ட பிள்ளை பழஞ்சட்டைப் பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைக்கட்டும். இதுதான் முதல் பயிற்சி.

2. துயரப்படுவோர்

“ஆம்பளப் புள்ள அழக்கூடாது” என்று நாம் சொல்வது வழக்கம். நண்பர் லாசர் இறந்தபோது இயேசுவே அழுதார் என்று யோவான் நற்செய்தி சொல்கிறது. அழுகை பலவீனமில்லை. மெனிக் பாமில் தாயையோ தகப்பனையோ இழந்த பிள்ளைகள் கூடாரத்துக்குள் இருந்தார்கள். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மண் சரிந்து லயங்கள் புதைந்தபோது, பள்ளிக்கூடம் போய்த் திரும்பிய பிள்ளைகளுக்கு வீடே இல்லை. அப்படிப்பட்ட பிள்ளையிடம் “எல்லாம் சரியாப் போயிரும்” என்று சொல்வதைவிட, பக்கத்தில் உட்கார்ந்து ஒரு கோப்பைத் தேத்தண்ணி கொடுப்பது பெரிது. சாவு வீட்டுக்குப் பிள்ளையையும் கூட்டிப் போங்கள். ஆறுதல் சொல்லத் தெரியாவிட்டாலும் கூட இருக்கப் பழகட்டும்.

3. சாந்தம்

இதைத்தான் மிகவும் கவனமாகச் சொல்லித் தர வேண்டும். எண்ணாகமம் 12ஆம் அதிகாரம் மோசேயை எல்லாரிலும் சாந்தமானவர் என்கிறது. அந்த மோசேதான் எகிப்து அரசன் முன் போய் நின்று, என் சனத்தை விடு என்று கேட்டவர். விசாரணையில் காவலன் கன்னத்தில் அறைந்தபோது இயேசு திருப்பி அடிக்கவில்லை. ஆனால் மௌனமாகவும் இருக்கவில்லை. ஏன் அடித்தாய் என்று கேட்டார்.

நம் வாழ்க்கையில் இது எப்படி? கொழுந்து மடுவத்தில் நிறுவை குறைகிறது என்று வைத்துக்கொள்வோம். கத்தி ஏசுவது சாந்தமில்லை. வீட்டுக்கு வந்து பிள்ளையை அடித்து ஆத்திரத்தைத் தீர்ப்பதும் சாந்தமில்லை. “ஐயா, என் கொழுந்து பதினெட்டுக் கிலோ இருந்துச்சு, பதினஞ்சுதான் எழுதியிருக்கு. மறுபடி நிறுத்துப் பாருங்க” என்று நிமிர்ந்து நின்று சொல்வதுதான் சாந்தம். அம்மா இப்படிப் பேசுவதைப் பார்க்கிற பிள்ளைக்கு வேறு பாடம் வேண்டாம்.

4. நீதியின்மேல் பசி தாகம்

பசி என்றால் நமக்குத் தெரியும். பசித்தவன் ஒருமுறை கேட்டுவிட்டுச் சும்மா இருப்பதில்லை. 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் சம்பள உயர்வு கேட்டு நடந்த போராட்டத்தில் கோவிந்தன் சுடப்பட்டு உயிர் விட்டார். 1948இல் பறிபோன பிரசாவுரிமை முழுமையாகத் தீர 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 2017 பெப்ரவரியில் காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளைக் கேட்டுக் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் தாய்மார் வீதியோரத்தில் அமர்ந்தார்கள். பிள்ளைகளுக்கு நீதி வீட்டில் தொடங்குகிறது. மகனுக்கு முட்டை, மகளுக்குக் குழம்பு மட்டும் என்று பரிமாறினால், எந்தப் பேற்றைச் சொல்லிக் கொடுத்தும் பயனில்லை.

5. இரக்கம்

ஐயோ பாவம் என்று சொல்வதோடு இரக்கம் முடிவதில்லை. 2009இல் கோயில்களும் பொதுமக்களும் சோறும் உடுப்பும் சேர்த்து முகாம்களுக்கு அனுப்பினார்கள். தங்களுக்கே போதாத வீடுகளிலிருந்தும் அரிசி வந்தது. இரக்கத்துக்கு இன்னொரு முகமும் உண்டு, அது மன்னிப்பு. தம்பி பென்சிலை உடைத்துவிட்டான் என்றால், அவன் மன்னிப்புக் கேட்டதும் அந்தக் கதையை மறுநாளும் எடுத்துச் சொல்லிக் காட்டக்கூடாது. பெரியவர்களும் பழைய சண்டையைப் பிள்ளைகள் முன் கிளறாதிருப்பது நல்லது.

6. தூய உள்ளம்

உள்ளே ஒன்று, வெளியே ஒன்று இல்லாத மனம். கடையில் மிச்சக் காசு கூடுதலாகக் கொடுத்துவிட்டார்கள். திருப்பிக் கொடுத்துவிட்டு வருகிற பிள்ளையை “பொழைக்கத் தெரியாதவன்” என்று கேலி செய்தால் அந்த உள்ளத்தை நாமே அழுக்காக்குகிறோம். கடன்காரர் கதவைத் தட்டும்போது “அப்பா இல்லேன்னு சொல்லு” என்று பிள்ளையை அனுப்புவதும் அப்படித்தான். உண்மையைச் சொன்னதற்காகப் பிள்ளை அடி வாங்காத வீட்டில் தூய உள்ளம் வளரும்.

7. சமாதானம் செய்வோர்

சண்டை போடாமல் இருப்பவரைவிட, சண்டையைத் தீர்த்து வைப்பவரையே இயேசு இங்கே பாராட்டுகிறார். கண்டியில் 1972இல் சத்தியோதயம் நிலையத்தைத் தொடங்கிய இயேசு சபைக் குரு போல் கஸ்பர்ஸ், தோட்டத் தமிழரையும் கிராமத்துச் சிங்களவரையும் ஒன்றாக உட்கார வைத்துப் பேச வைக்கப் பல ஆண்டுகள் பாடுபட்டார். செட்டிகுளம் பகுதியில் தமிழ்க் கிராமங்களும் முஸ்லிம் கிராமங்களும் அடுத்தடுத்து இருக்கின்றன. அங்கே ஒரே குளத்தின் தண்ணீரை நம்பி வாழ்கிறவர்கள் பேசிக்கொள்ளாமல் இருக்க முடியாது. நம் பீலியடியிலும் அதே கதைதான். பிள்ளைகளை மூன்று வார்த்தை பழக்குங்கள்: “நீ முதல்ல புடி.” வேறு இனத்தாரைப் பழித்துப் பேசும் சொற்களை வீட்டில் பேசாதிருங்கள். சிங்களமும் பழகட்டும். மொழி தெரிந்த பிள்ளைதான் நாளைக்கு நடுவில் நின்று பேசுவான்.

8. நீதிக்காகத் துன்பப்படுவோர்

1977க்குப் பின் அகதியாக வந்த மலைநாட்டுக் குடும்பங்களை வவுனியாப் பகுதியில் குடியேற்ற உழைத்தது காந்தியம் அமைப்பு. அதை நடத்தியவர்கள் கட்டடக் கலைஞர் எஸ். ஏ. டேவிட்டும் மருத்துவர் ராஜசுந்தரமும். 1983 ஏப்ரலில் இருவரும் கைது செய்யப்பட்டார்கள். அந்த ஆண்டு ஜூலை 27ஆம் திகதி வெலிக்கடைச் சிறைக்குள் ராஜசுந்தரம் கொல்லப்பட்டார். நம் சனத்துக்காக உயிர் கொடுத்த அந்த மருத்துவரின் பெயர் நம் பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். நீதிக்காகத் துன்பப்பட்டவர் எந்தச் சமயத்தவரானாலும் அவர் கதையைச் சொல்லலாம். ஆனால் ஒன்று: துன்பத்தைத் தேடிப் போகச் சொல்லாதீர்கள். வீட்டில் அடிபடுகிற பிள்ளையிடமோ, தொந்தரவுக்கு ஆளான பிள்ளையிடமோ “பொறுத்துக்கோ, பேறு கிடைக்கும்” என்று சொல்லவே கூடாது. அது பாவம். அந்தப் பிள்ளை நம்பிக்கையான ஒரு பெரியவரிடம் உடனே சொல்ல வேண்டும் என்றே கற்பியுங்கள்.

எப்படி நடத்துவது?

வாரம் ஒரு பேறு என்று எடுத்தால் எட்டு வாரம். ஒரு நாள் மாலை, விளக்கு வைத்தபின் பதினைந்து நிமிடம் போதும். முதலில் மத்தேயுவிலிருந்து அந்த ஒரு வரியை மட்டும் வாசியுங்கள். பிறகு அப்பாயியோ தாத்தாவோ தங்கள் வாழ்க்கையில் நடந்த ஒன்றைச் சொல்லட்டும். கடைசியில் அந்த வாரம் செய்ய ஒரு சின்ன வேலையைப் பிள்ளையே தெரிவு செய்யட்டும்.

ஆறு ஏழு வயதுப் பிள்ளைக்குக் கதையும் படமும் போதும். பத்து வயதுக்கு மேல் கேள்வி கேட்பார்கள்: “நல்லவங்களுக்கு ஏன் கஷ்டம் வருது?” பதில் தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லலாம், அதுவும் எளிய உள்ளம்தான். பேறுகளைப் பிரம்பாகப் பயன்படுத்தாதீர்கள். “இதுதான் ஒன் சாந்தமா?” என்று குத்திக் காட்டினால் பிள்ளைக்கு அந்தச் சொல்லே கசந்துவிடும்.

கூடிப் பேச சில கேள்விகள்

அ. நம் வீட்டில் ‘சாந்தம்’ என்ற சொல்லை எந்த நேரத்தில் சொல்கிறோம்? யாரைப் பார்த்துச் சொல்கிறோம்?

ஆ. மகனையும் மகளையும் ஒரே தட்டில் நிறுக்கிறோமா?

இ. நம் லயத்தில் துயரப்படுகிற வீடு எது? இந்த வாரம் யார் போய்ப் பார்ப்பது?

ஈ. வன்னியில் குடியேறிய சொந்தக்காரர் உண்டா? அவர்கள் பட்ட பாட்டைப் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறோமா?

பிள்ளைகள் நாம் சொல்வதைப் பாதி கேட்பார்கள், செய்வதை முழுதாகப் பார்ப்பார்கள். இந்த எட்டும் பெரியவர்கள் நடையில் தெரிந்தால், நாளைக்கு யாருக்கும் தலை குனியாத, யாரையும் தலை குனிய வைக்காத பிள்ளைகள் நம் லயங்களிலிருந்து வருவார்கள்.