தொங்கும் பூக்கூடையும் நமது நுரையீரலும்



செப்டெம்பர் கடைசி ஞாயிறு மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளியதும், ஒக்லாந்தில் கன்று விற்கும் கடைகளில் கூட்டம் கூடிவிடும். ஒக்டோபரில் வரும் தொழிலாளர் தின நீண்ட வார இறுதியைக் கன்று நடும் நாளாகவே இந்நாட்டவர் கொள்கிறார்கள். நமது வீடுகளிலும் வாசலில் ஒரு தொங்கும் பூக்கூடை கட்டும் ஆசை வரும். பெரும்பாலும் அந்த வேலையைச் செய்பவர்கள், பிள்ளைகளோடு வந்து தங்கியிருக்கும் அம்மா அப்பாமார்தான். மனதுக்கும் உடலுக்கும் நல்ல வேலைதான். ஆனால் கடையில் வாங்கும் பொட்டிங் மிக்ஸ் பையில் ஓர் எச்சரிக்கை ஆங்கிலத்தில் அச்சிடப்பட்டிருக்கும். அது என்ன சொல்கிறது, ஏன் சொல்கிறது என்பதையும், கூடையை எப்படி நட்டுப் பராமரிப்பது என்பதையும் இம்முறை பார்ப்போம்.

பையினுள் இருப்பது என்ன?

பொட்டிங் மிக்ஸ் என்பது வெறும் மண் அல்ல. இந்நாட்டில் பெரும்பாலும் மக்கவைத்த பைன் மரப்பட்டையும் கூட்டெருவும் கலந்தது. ஈரமும் இளஞ்சூடும் உள்ள இக்கலவையில் லெஜியனெல்லா லொங்பீச்சே என்னும் பக்டீரியா வாழக்கூடியது. இது லெஜியனயர்ஸ் நோய் எனப்படும் கடுமையான நியூமோனியாவை உண்டாக்கும்.

அந்நோய் 1976 இல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில், முன்னாள் படைவீரர் மாநாடு ஒன்றின்போதுதான் முதலில் அடையாளம் காணப்பட்டது. உலகின் பல நாடுகளில் குளிரூட்டும் கோபுரங்கள், நீர்க்குழாய்களில் வாழும் வேறொரு லெஜியனெல்லா வகையாலேயே இது அதிகம் வருகிறது. நியூசிலாந்திலோ கதை வேறு. இங்கு முதன்மையான காரணம் தோட்டத்து லொங்பீச்சேதான். நோயாளர் தொகை கூடுவதும் வசந்தத்திலும் கோடையிலும், அதாவது நாம் கன்று நடும் காலத்தில்.

ஆய்வுகள் சொல்வது

தென் அவுஸ்திரேலியாவில் நடந்து 2007 இல் வெளியான ஓர் ஆய்வு நமது தலைப்புக்கு நேரடியாகப் பொருந்துகிறது. நீர் சொட்டும் தொங்கு பூச்சட்டிகளுக்கு அருகில் இருந்தவர்கள், தோட்டவேலை முடிந்து கையைச் சரியாகக் கழுவாதவர்கள், நீண்டகாலம் புகைத்தவர்கள் ஆகியோருக்கு இந்நோய் அதிகம் வந்திருந்தது. நியூசிலாந்தில் நடந்து 2017 இல் வெளியான ஆய்வில், பையைச் சரித்துக் கொட்டுவதும் சிறு மண்வெட்டியால் கிளறுவதும் ஆபத்தைக் கூட்டுவதாகவும், வேலை முடிந்தவுடன் கை கழுவுவது அதைக் குறைப்பதாகவும் தெரிந்தது. காரணம் எளிது. கொட்டும்போதும் கிளறும்போதும் தூசி எழும்பி மூச்சோடு போகிறது. கழுவாத கை வாய்க்கும் மூக்குக்கும் போகிறது. கையால் சோறு பிசைந்து உண்ணும் நாம் இதை இருமடங்கு கவனிக்க வேண்டும்.

கூடையை நடும் முறை

1. வீட்டுக்கு வெளியே, காற்றோட்டமான இடத்தில் வேலை செய்யுங்கள். கராஜின் கதவை மூடிக்கொண்டு செய்ய வேண்டாம். கையுறையும் நன்கு பொருந்தும் முகக்கவசமும் அணியுங்கள்.

2. பையைக் கையால் கிழிக்காமல் கத்தரிக்கோலால், முகத்தை விலக்கி வைத்து மெதுவாக வெட்டுங்கள். மண் வாசனை பார்க்க முகத்தைக் கிட்டக் கொண்டுபோக வேண்டாம். உள்ளே சிறிது நீர் தெளித்து ஈரமாக்கினால் தூசி எழாது.

3. உருளாமல் இருக்கக் கூடையை ஒரு வெற்று வாளியின் மேல் வையுங்கள். உட்புறம் தேங்காய்த் தும்பு விரிப்புப் போட்டு, பாதிவரை கலவை இடுங்கள். கொட்டாமல், சிறிது சிறிதாக அள்ளி வையுங்கள்.

4. விளிம்பில் லொபீலியா, அலிசம் போன்ற தொங்கும் வகைகளும் நடுவில் பெட்டூனியாவும் நடலாம். விளிம்புக்குக் கீழே இரண்டு மூன்று சென்ரிமீற்றர் வெற்றிடம் விட்டால் ஊற்றும் நீர் வழியாது.

5. இங்கு வெயில் வடக்குப் பக்கமாக வரும் என்பதை மறவாதீர்கள். பெட்டூனியாவுக்கு வடக்குச் சுவர் நல்லது. பியூஷியா, பிகோனியா போன்றவற்றுக்கு நிழலான தெற்குப் பக்கம் போதும்.

6. நனைந்த கூடை பாரமானது. உறுதியான கொக்கியில், ஆட்கள் நடக்கும் வாசலுக்கும் இருக்கும் கதிரைக்கும் நேர்மேலே வராதபடி தொங்கவிடுங்கள்.

நீர் விடுவது

காற்றும் வெயிலும் எல்லாப் பக்கமும் படுவதால் கூடை நிலத்தைவிட விரைவில் காயும். கோடையில் நாள்தோறும் விரலால் தொட்டுப் பாருங்கள். காய்ந்திருந்தால் காலையில் நீர் விடுங்கள். தலைக்கு மேலே தொங்கும் கூடைக்குக் கீழே நின்று, அண்ணாந்து பார்த்தபடி ஊற்றாதீர்கள். இறக்கி வைத்து, பூவாளியால் மெதுவாக விட்டு, சொட்டுவது நின்றபின் மீண்டும் தொங்கவிடுங்கள். வேகமாகப் பீச்சும் குழாய் வேண்டாம். முற்றாகக் காய்ந்துவிட்டால் நீர் ஓரமாக வழிந்தோடிவிடும். அப்போது கூடையை ஒரு வாளி நீரில் சிறிது நேரம் அமிழ்த்தி வையுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை திரவப் பசளை இட்டு, வாடிய பூக்களைக் கிள்ளிவிட்டால் தொடர்ந்து பூக்கும்.

வேலை முடிந்ததும் கையுறையைக் கழற்றி, சவர்க்காரம் போட்டுக் கையைக் கழுவிய பின்னரே தேநீரும் பலகாரமும்.

எப்போது வைத்தியரிடம் போவது?

கலவையைக் கையாண்டு பெரும்பாலும் 2 முதல் 10 நாட்களுக்குள் காய்ச்சல், நடுக்கம், இருமல், மூச்சுத்திணறல், தலையிடி, உடல் உளைவு வரலாம். சிலருக்கு வயிற்றோட்டமும் மனக்குழப்பமும் உண்டாகும். ‘சளிக்காய்ச்சல்தானே’ என்று கொத்தமல்லிக் குடிநீரோடு நாட்களைக் கடத்த வேண்டாம். வைத்தியரிடம் “பொட்டிங் மிக்ஸ் கையாண்டேன்” என்று நீங்களாகவே சொல்லுங்கள். நியூமோனியாவுக்கு வழமையாகக் கொடுக்கும் பெனிசிலின் வகை மருந்துகள் இக்கிருமிக்கு வேலை செய்யாது. வேறு வகை அன்ரிபயோட்டிக் தேவை. அந்த ஒரு வசனம் வைத்தியரைச் சரியான பரிசோதனைக்கு வழிகாட்டும்.

ஐம்பது வயதைத் தாண்டியவர்கள், புகைப்பவர்கள், நாட்பட்ட நுரையீரல் நோய் அல்லது நீரிழிவு உள்ளவர்கள், நோயெதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். இந்நோய் ஒருவரிலிருந்து இன்னொருவருக்குத் தொற்றுவது வழக்கமல்ல. எனவே நோயாளியைப் பராமரிக்கப் பயப்படத் தேவையில்லை. சந்தேகம் இருந்தால் ஹெல்த்லைன் 0800 611 116 இலக்கத்துக்கு எந்நேரமும் இலவசமாக அழைக்கலாம். மூச்சுவிடக் கடினமாக இருந்தால் உடனே 111.

நிறைவாக ஒன்று. மேலே சொன்ன தென் அவுஸ்திரேலிய ஆய்வில், பொட்டிங் மிக்ஸால் ஆபத்து உண்டு என்று அறிந்திருந்தவர்களுக்கு நோய் குறைவாகவே வந்திருந்தது. அறிந்திருப்பதே ஒரு பாதுகாப்பு. ஆகவே பையிலுள்ள ஆங்கிலத்தை வாசிக்க முடியாத உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு இந்தப் பக்கத்தை வாசித்துக் காட்டுங்கள். ஒரு சோடி கையுறையும் ஒரு பெட்டி முகக்கவசமும் வாங்கிக் கொடுங்கள். பூக்கூடையும் செழிக்கட்டும், அதை நட்டவர்களும் நலமாக இருக்கட்டும்.