கருவுறுமுன் எடையும் கருக்கால நீரிழிவும்



என் தமக்கை அம்பர்நாத்தில் வாழ்கிறாள். தீப்பெட்டித் தொழிற்சாலை வேலைக்கென எங்கள் பாட்டனார் நெல்லைச் சீமையிலிருந்து வந்த நாள்முதல் எங்கள் குடும்பம் அங்கேதான். சென்ற ஆண்டு அவள் கருவுற்ற ஆறாம் திங்களில் 75 கிராம் குளுக்கோஸ் கலந்த நீரைப் பருகச் செய்து, இரண்டு மணி நேரம் கழித்துக் குருதியைச் சோதித்தனர். சர்க்கரை 158 மில்லிகிராம். 140 ஆனாலே கருக்கால நீரிழிவு என்பது நம் நாட்டு மருத்துவர் கைக்கொள்ளும் அளவு.

“கொடி மாதிரி இருக்கா, இவளுக்கு எப்படிச் சீனி வியாதி?” என்றார் பக்கத்து வீட்டுப் பெரியம்மா. இனிப்பை அள்ளித் தின்றிருப்பாள் என்று வேறொருவர் தீர்ப்பே கூறிவிட்டார். அக்கா அன்றிரவு உண்ணவில்லை. உயிர்வேதியியல் பயிலும் எனக்கோ பெரியம்மாவின் கேள்விக்கு விடை தெரியவில்லை. பின்னர்த் தேடிக் கற்றதையே ஈண்டு எழுதுகிறேன். ஆண்பிள்ளைக்கு இஃது எதற்கு என்பார் பக்கத்தைப் புரட்டிவிடலாம். அவர்க்கும் தமக்கையர் இருப்பர்.

கருப்பையில் வளரும் நஞ்சு சில இயக்குநீர்களைச் சுரக்கிறது. அவை தாயின் தசைகளில் இன்சுலினின் ஆற்றலைக் குறைக்கின்றன. குழந்தைக்குச் சர்க்கரை தடையின்றிச் செல்ல இயற்கை வகுத்த வழி இது. இதனை ஈடுசெய்யத் தாயின் கணையம் இரண்டு மூன்று மடங்கு இன்சுலினைச் சுரக்க வேண்டும். உடலில் கொழுப்பு மிகுந்தவர்க்கோ கருவுறுமுன்பே இன்சுலினின் ஆற்றல் குறைந்திருக்கும். ஏற்கெனவே சுமை தூக்கி நிற்பவன் தலையில் மேலும் ஒரு மூட்டையை வைத்தாற்போலத்தான். கணையம் தளர்ந்தால் சர்க்கரை ஏறுகிறது. அச்சர்க்கரை நஞ்சைக் கடந்து குழந்தையை அடையும். தாயின் இன்சுலின் கடக்காது. எனவே குழந்தை தானே இன்சுலினை மிகுதியாகச் சுரந்து, அளவுக்கு மீறிக் கொழுக்கிறது.

எடையை மீட்டர்க் கணக்கிலான உயரத்தின் இருமடியால் வகுத்தால் வருவது உடல் நிறை எண். 2009ஆம் ஆண்டில் பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், கருவுறுமுன் இவ்வெண் ஒன்று கூடுந்தோறும் கருக்கால நீரிழிவு ஏறத்தாழ நூற்றுக்கு ஒருவர் வீதம் கூடக் கண்டனர்.

ஆயினும் அக்கா பருத்தவள் அல்லளே! விடை, எங்கள் ஊரைக் கடந்து செல்லும் வண்டியில் ஏறினால் சேரும் புனேயில் இருந்தது. 2004இல் அந்நகர மருத்துவர் யாஜ்னிக், ஆங்கிலேய நண்பர் யுட்கினுடன் தாம் நிற்கும் படமொன்றை ‘லான்செட்’ இதழில் வெளியிட்டார். இருவர்க்கும் உடல் நிறை எண் 22.3தான். யுட்கின் உடலில் கொழுப்பு 9.1 விழுக்காடு, யாஜ்னிக் உடலிலோ 21.2! ஒல்லியான தோற்றத்துள் கொழுப்பை மறைத்து வைப்பது நம்மவர் உடல். 25 வரை குற்றமில்லை என்னும் பொதுக்கணக்கு நமக்குப் பொருந்தாது. 23ஐத் தொடும்போதே விழித்துக்கொள்ள வேண்டும்.

அக்காவின் பழைய எடையைக் கேட்டேன். 55 கிலோ, உயரம் 152 சென்டிமீட்டர். வகுத்தால் 23.8. போதாக்குறைக்கு எங்கள் தந்தையார்க்கும் நீரிழிவு உண்டு.

தோற்றத்தைக் கண்டு முடிவு செய்தல் தவறு என்பதைச் சென்னையில் மருத்துவர் சேஷய்யா நெடுங்காலம் வற்புறுத்தி வந்தார். அவர் குழுவினர் தமிழகத்தில் நடத்தி 2008இல் வெளியிட்ட ஆய்வில், நகர்ப்புறக் கருவுற்ற மகளிருள் 17.8 விழுக்காட்டினர்க்கும், சிற்றூர்களில் 9.9 விழுக்காட்டினர்க்கும் இந்நோய் இருந்தது. எடையோடு வயதும் குடும்ப வழியும் சேர்ந்தே இதனைக் கூட்டின. கருவுற்ற மகளிர் அனைவரையும் சோதிக்க வேண்டும் எனத் தமிழக அரசு 2007லேயே ஆணையிட்டது. நம்மூர்ப் பெண்டிர் கேட்டு வாங்கிச் செய்துகொள்ளத் தயங்கலாகாது. முதல் வருகையில் ஒருமுறை, 24 முதல் 28 வாரத்துக்குள் மற்றொருமுறை.

எடையைக் குறைக்கும் காலம் கருவுறுமுன்தான். வயிற்றில் பிள்ளையை வைத்துக்கொண்டு பட்டினி கிடப்பது பெருந்தீங்கு. மிக மெலிந்திருப்பதும் நன்றன்று. பிள்ளை எடை குறைந்து பிறக்கும்.

அக்காவுக்குச் சோற்றின் அளவைக் குறைத்துப் பயறும் காயும் கூட்டினோம். மாலைதோறும் பழைய சிவன் கோயில் வரை நடந்தாள். ஊசி தேவைப்படவில்லை. பெண் குழந்தை, 3.1 கிலோ. இந்நோய் கண்டவர்க்குப் பிற்காலத்தில் நிலைத்த நீரிழிவு வரும் வாய்ப்பு மற்றவரைவிட ஏழு மடங்குக்கும் மேல். ஆதலின் பிள்ளை பெற்ற ஆறாம் வாரத்தில் மறுபடியும் சோதிக்க வேண்டும். பிள்ளைக்கு உடம்பு சரியில்லை, வீட்டில் விருந்து என்று மூன்று முறை தள்ளிப்போட்டாள். நான்காம் முறை நானே குழந்தையைத் தூக்கிக்கொண்டு உடன் சென்றேன்.